மாலை போட்ட 48 நாளும் குடிக்காதவர் கழற்றியதும் ஏன் குடிக்கிறார்?

வாசகர் கேள்விகளும் மனநல ஆலோசகரின் பதில்களும்

குடியை விடுவது, விட்ட பிறகு மீண்டும் அதற்குள் போகாமல் இருப்பது ஆகியவை குறித்து மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறு இங்கே தரப்படுகின்றன. பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம், எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் கட்டட வேலை பார்க்கிறேன். வயது 41. பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறேன். ஆனால் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் 48 நாளும் ஒரு சொட்டுத் தொட மாட்டேன். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் அன்று இரவே பழைய கதைதான். இந்த வருடம் கழற்றியது பொங்கலுக்கு முந்தின நாள்; ஜல்லிக்கட்டுப் பார்க்க வந்த மாமன் மச்சான்களோடு தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. 48 நாள் விட முடிகிற நான் குடிநோயாளியா? விட முடிகிறது என்றால், ஏன் தொடர முடியவில்லை? "சாமிக்குப் பயப்படுறீங்க, பெத்த பிள்ளைகளுக்குப் பயப்பட மாட்டேங்குறீங்க" என்று என் மனைவி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.
(வாசகர், அலங்காநல்லூர் அருகே)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது தானாக விளங்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மாலை போட்ட நாள் முதல் உங்கள் வாழ்க்கையில் என்னென்ன மாறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து குளிக்கிறீர்கள். இரவு நேரத்தோடு பாயில் படுத்துவிடுகிறீர்கள். கவிச்சி கிடையாது. மாலை ஆறு மணிக்கு, அதாவது மற்ற நாட்களில் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற அதே வேளையில், மறுபடியும் குளித்து, விளக்கேற்றி, சரணம் சொல்லப் போய்விடுகிறீர்கள். கறுப்பு வேட்டியைக் கண்டதும் மேஸ்திரி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் உங்களைச் 'சாமி' என்கிறார்கள். கூடக் குடிப்பவர்களே "சாமி, நீங்க தள்ளி நில்லுங்க" என்று உங்களைக் காப்பாற்றுகிறார்கள். இது என்றைக்கு முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆக நேரம், இடம், கூட்டாளி, உணவு, உடை, ஊராரின் பார்வை ஆகிய அனைத்தும் ஒன்றுசேர்ந்து குடி வேட்கையை உங்கள் பக்கமே வரவிடாமல் தடுத்துவிடுகின்றன. பயத்தின் பங்கு அதில் சிறியதுதான் என்று உங்கள் மனைவியிடம் தாராளமாகச் சொல்லலாம்.

கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள் அல்லவா, மாலையும் அப்படித்தான். அது மிதக்க வைக்கும்; ஆனால் அது முதுகில் இருக்கும்போதே கையையும் காலையும் அடித்துப் பழகிக்கொள்பவருக்குத்தான் அவிழ்த்த பிறகு நீச்சல் வரும். நீங்களோ 48 நாளும் மிதந்துவிட்டு, ஆழம் மிக அதிகமான நாளாகப் பார்த்து அவிழ்த்திருக்கிறீர்கள். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் வரிசையாகத் திறக்க, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் அந்த நாட்களைவிடக் கடினமான நாட்கள் உங்களுக்கு ஆண்டில் வேறு இல்லை.

குடிநோயா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒருவர் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்பதை வைத்து மருத்துவர்கள் இதை முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பு ஆறு அறிகுறிகளைச் சொல்கிறது: அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் அளவில் நிறுத்த முடியாமை, நிறுத்தினால் உடல் படும் பாடு, அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, மற்ற ஈடுபாடுகள் ஒவ்வொன்றாக உதிர்வது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. ஓராண்டுக்குள் இவற்றில் மூன்று சேர்ந்திருந்தால் அது நோய். பத்து வருடம் தினமும் குடித்து, தொடங்கினால் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மருத்துவரைப் பார்ப்பதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மனக்குழப்பம் உண்டாகி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மாலை போட்ட மூன்றாம் நாள் ஒருவர் இப்படிப் பிதற்றினால் விரதத்தில் ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டதென்று திருநீறு பூசிக்கொண்டிருக்கக் கூடாது. அது அவசர சிகிச்சைக்குரிய நிலை. அதேபோல உள்ளூர் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதும் சரியல்ல. நாள்பட்டுக் குடிப்பவரின் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 வற்றியிருக்கும்; அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். குடிப்பழக்கம் உள்ளவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் கையில் இந்த முதல் வாரம் கடந்த பிறகுதான், நீங்கள் கற்க வேண்டியது ஆரம்பமாகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, குடிக்க வேண்டும்போல இருக்கும் ஒவ்வொரு முறையும், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நடந்ததை நாலு வரி எழுதுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு கொத்தனாரின் நோட்டிலிருந்து, அவருடைய அனுமதியோடு, ஒரு பதிவைத் தருகிறேன்: "சனி. சாயந்திரம் 5.40. ஊமச்சிகுளம் பஸ் ஸ்டாப். வாரச் சம்பளம் சட்டைப் பையில. மத்தியானம் சாப்பிடல. மேஸ்திரி டீ வாங்கிக் குடுத்து, அடுத்த வாரம் வேலை இருக்குமான்னு தெரியலன்னு சொன்னாரு. வயிறு ஒரு மாதிரி இருக்கு." சரக்கைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வெறும் வயிறு, கையில் ரொக்கம், வேலை பற்றிய கவலை, பழகிய பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வந்து கூடியிருக்கின்றன. 'மனசு கேட்கவில்லை' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் கண்ணில் பட்டன. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. மதியம் வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார். சம்பளத்தை வீட்டுக்காரம்மாவின் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடச் சொன்னார். தன் கைப்பேசியில் இருந்த பணம் அனுப்பும் செயலியையும் எடுத்துவிட்டார். (ரொக்கத்தை மட்டும் பறித்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் இருக்கும் பணத்தை மறந்துவிடும் குடும்பங்கள் இப்போது நிறைய.) சனிக்கிழமை மட்டும் வேறு வழியாகப் போகும் சக தொழிலாளி ஒருவரின் வண்டியில் ஏறிக்கொண்டார். வேலை பற்றிய கவலைக்குத்தான் உடனடித் தீர்வு இல்லை. அதை மேஸ்திரியிடமே செவ்வாய்க்கிழமை போல நேராகக் கேட்டுவிடுவது, சனிக்கிழமை மாலை வரை மனத்தில் போட்டு வைப்பதைவிட மேல் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

இத்தனைக்குப் பிறகும் வேட்கை வரத்தான் செய்யும். அது ஏறும், உச்சத்தைத் தொடும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். பத்து வருடமாக அது ஏறத் தொடங்கியதுமே ஊற்றிவிட்டதால், தானாக இறங்குவதை நீங்கள் பார்த்ததே இல்லை. அடுத்த முறை பாருங்கள். கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, எதையாவது சாப்பிட்டுவிட்டு, அந்தப் பதற்றம் தொண்டையிலா, நெஞ்சிலா, கையிலா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். முன்கூட்டியே பேசி வைத்த ஒருவரைக் கைப்பேசியில் அழையுங்கள். இதை வேட்கை இல்லாத சாதாரண நேரங்களிலும் தினம் ஒருமுறை செய்து பழகவில்லையென்றால், தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது. இரவு ஒன்பதே முக்காலுக்கு வரும் வேட்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: பத்து மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்கள் என்ற அவசரம் அதில் சேர்ந்துகொள்வதால் அது இருமடங்காகத் தெரியும். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம் போன்ற கடையடைப்பு நாட்களின் முந்தைய மாலையும் அப்படியே. பதினைந்து நிமிடம் தாண்டினால் அந்த அவசரம் தானே பொருளற்றுப் போகும்.

வரும் ஆண்டும் மாலை போடுங்கள். ஆனால் பொங்கல் கழிந்த பிறகு, வீடு அமைதியான ஒரு வாரநாளில் கழற்றுவதாக இப்போதே குருசாமியிடம் பேசி வையுங்கள். கழற்றிய பின்னும் விடியற்காலைக் குளியலும், மாலை ஆறு மணிக் கோயிலும், நேரத்தோடு படுப்பதும் அப்படியே தொடரட்டும். அவற்றுக்கு மாலை கழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி: ஏழு மாதம் குடிக்காமல் இருந்தேன். போன மாதம் அக்கா மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் நான்தான் என்பதால் சீர் கொண்டுபோனது, கறி விருந்துக்கு ஆள் பார்த்தது எல்லாம் என் பொறுப்பு. பங்காளிகளுக்குச் சரக்கு வாங்கவும் நானே போனேன். இரவு "மாப்ள, ஒரு கட்டிங்தான, சொந்தத் தங்கச்சி மக மாதிரி எங்களுக்கும்" என்று ஒருவர் கையில் திணித்தார். குடித்துவிட்டேன். மறுநாள் 'எல்லாம் போச்சு' என்று நானே வாங்கிக் குடித்தேன். அது நான்கு நாள் போனது. இப்போது நிறுத்தியிருக்கிறேன். ஏழு மாதமும் வீண்தானே?
(வாசகர், உசிலம்பட்டி வட்டம்)

பதில்: வீண் இல்லை. முதல் நாள் குடித்ததையும், அடுத்த நாட்களில் குடித்ததையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். காதணி விழா இரவில் நடந்தது சறுக்கல். மறுநாள் காலையில் உங்களைக் கடைக்கு அனுப்பியது சரக்கின் மீதிருந்த ஆசையைவிட, 'எல்லாம் போச்சு' என்ற எண்ணம்தான். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1980களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்: விரதம் முறிந்துவிட்டது என்ற குற்ற உணர்ச்சியும், தான் இவ்வளவுதான் என்ற தீர்ப்பும் சேர்ந்துதான் ஒரு சிறு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகின்றன. நான்காம் நாள் நிறுத்தினீர்களே, அதற்கான பலம் அந்த ஏழு மாதத்தில் சேர்ந்ததுதான்.

இதே மார்லட் கவனித்துச் சொன்ன இன்னொன்று உங்கள் கடிதத்துக்கு மிகவும் பொருந்துகிறது. மறுபடி குடிப்பது என்பது டம்ளரைக் கையில் வாங்கும் நொடியில் தொடங்குவதில்லை; அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே, குடிக்குச் சம்பந்தமே இல்லாதவைபோலத் தோன்றும் சின்னச் சின்ன முடிவுகளில் தொடங்கிவிடுகிறது. "பங்காளிகளுக்குச் சரக்கு வாங்கவும் நானே போனேன்" என்ற உங்கள் வரியை மறுபடி படித்துப் பாருங்கள். அந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது மனத்துக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? 'நான் என்ன குடிக்கவா போறேன், வாங்கித்தானே தரப் போறேன்' என்றுதானே? அதற்கு முந்தைய வாரங்களில் மருந்தை விட்டீர்களா, ஆலோசனைக்குப் போவதை நிறுத்தினீர்களா, சீர்ச் செலவுக்கு வாங்கிய கடனை நினைத்துத் தூக்கம் கெட்டதா, 'இனி நமக்கு ஒன்றும் ஆகாது' என்று யாரிடமாவது பெருமையாகச் சொன்னீர்களா? பழி சுமத்துவதற்காகக் கேட்கவில்லை. எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம் என்று தெரிந்தால் அடுத்த விசேஷத்துக்கு அது உதவும் என்பதற்காகவே கேட்கிறேன். என் கருத்தில் உங்களுக்கான திருப்புமுனை சரக்கு வாங்கும் பொறுப்பு பேசப்பட்ட அந்தத் திண்ணைப் பேச்சுதான். "சீர் முழுக்க என் பொறுப்பு, அந்தச் சரக்கு விவகாரம் மட்டும் என்னால ஆகாது" என்று அங்கேயே சொல்லியிருந்தால் இரவு நடந்தது பெரும்பாலும் நடந்திருக்காது.

நம் பக்கத்தில் விசேஷ வீட்டை ஒதுக்கி வாழ முடியாது. அதுவும் தாய்மாமனுக்குச் சாத்தியமே இல்லை. எனவே போகும் முன் தயாராக வேண்டும். மறுக்கும் வார்த்தையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனைவியோ நண்பரோ வற்புறுத்துபவராக நடிக்கட்டும். "டாக்டர் ஊசி போட்டிருக்காரு", "ஆன்டிபயாட்டிக் சாப்பிடுறேன்" என்பது போன்ற சாக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் ஊசிக்குக் கெடு உண்டு, அடுத்த விசேஷத்தில் மறுபடி கேட்பார்கள். "நான் விட்டுட்டேன் மாமா, எனக்கு ஒரு பன்னீர் சோடா சொல்லுங்க" என்று நேராகச் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் வாதம் வரும், வாதத்தில் உறவு முறைக்காரர்தான் ஜெயிப்பார். கையில் ஏற்கெனவே மோரோ சோடாவோ இருக்கும் டம்ளர் இருந்தால், இன்னொன்றைத் திணிப்பது கடினம். வெறும் வயிற்றோடு வேலை பார்க்காமல் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பந்தல் பின்புறம் பாட்டில் திறக்கும் நேரத்தில் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்துவிடலாம். அங்கே உட்கார்ந்திருப்பவரை யாரும் எழுப்பிக்கொண்டு போவதில்லை. இரவு தங்காமல் திரும்ப வண்டியையும் கூட வர ஒரு ஆளையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, சறுக்கினால் என்ன செய்வது என்பதையும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். 'சறுக்கினால்' என்று எழுதுவதே சறுக்குவதற்கு அனுமதி என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தேவையற்ற பயம். அதில் மூன்று வரி போதும்: இடத்தை விட்டுக் கிளம்பு, இன்னாருக்குப் போன் போடு, நாளைக் காலை மருத்துவரிடம் போ. இரண்டாவது வரியில் இருக்கும் நபர் திட்டாதவராக இருக்க வேண்டும். பல மாதம் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பிராந்தியை விட்டுவிட்டு பீர் மட்டும் குடித்தால் படிப்படியாக நிறுத்தியதாக ஆகுமா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவாட்டரில் சுமார் 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 8 சதவீதம் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 52 மில்லி. இரண்டு பீர் குடித்தால் குவாட்டரைத் தாண்டிவிட்டீர்கள். குடிநோய் உள்ளவர் பாட்டிலை மாற்றுவதில் பயனில்லை.

கேள்வி: என் கணவர் இரண்டு முறை குடியை நிறுத்தி மறுபடி ஆரம்பித்துவிட்டார். தறி ஓட்டுகிறார். குடிக்காத நாளில் அவரைப் போல நல்லவர் இல்லை. குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை இருப்பதாகவும், அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்றும் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கலாமா? தினமும் வாயை ஊதச் சொல்லிப் பார்க்கிறேன். அதனாலேயே சண்டை வருகிறது.
(வாசகி, செல்லூர்)

பதில்: சகோதரி, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கும். உடலில் ஆல்கஹால் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. அதை அடுத்த கட்டத்தில் அழிக்கும் நொதியை இம்மருந்து முடக்கிவிடுவதால், குடித்தவுடன் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல வலித்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே உயிரைப் பறிக்கலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். 'குடித்தால் எனக்கு இப்படி ஆகும்' என்று தெரிந்து, சம்மதித்து, பரிசோதனைகளுக்குப் பிறகு தினமும் சாப்பிடுபவருக்கு அது ஒரு வேலிபோல உதவுகிறது. தெரியாமல் கொடுத்தால் அவருக்கு நஞ்சாகும். என்றைக்காவது அவருக்குத் தெரியவந்தால் உங்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவும் அஞ்சுவார். வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். இரண்டு முறை நிறுத்தியவர் என்கிறீர்கள். அந்த இரண்டு முறையும் மருந்தும் ஆலோசனையும் எவ்வளவு காலம் தொடர்ந்தன என்று நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் குடி நின்ற மாதத்திலேயே மாத்திரையும் நின்றுவிடுகிறது.

வாயை முகர்ந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். அதில் உங்களுக்குக் காவல்காரர் வேலையும் அவருக்குத் திருடன் வேலையும் அமைந்துவிடுகின்றன. பாக்கு போட்டு வாசனையை மறைப்பதைத் தவிர அவர் அதிலிருந்து எதையும் கற்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் இருவரும் உட்கார்ந்து, குடிக்கு முந்தைய அடையாளங்களை அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பட்டியலிடுங்கள். தூக்கம் குறைவது, சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று விழுவது, பழைய கூட்டாளியின் பெயர் பேச்சில் திரும்ப வருவது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது என்று ஒவ்வொருவருக்கும் சில உண்டு. பசி, கோபம், தனிமை, அசதி ஆகிய நான்கும் கூடும்போது கவனமாக இருக்கச் சொல்லி, குடியிலிருந்து மீண்டவர்களின் குழுக்களில் நீண்ட காலமாகவே அறிவுறுத்துவார்கள். அந்த அடையாளம் தெரிந்தால் நீங்கள் எந்த வார்த்தையைச் சொல்லலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். "என்னங்க, ரெண்டு நாளா தூங்கலையே" என்பது அவர் அனுமதித்த வார்த்தையாக இருந்தால் அதில் சண்டை வராது.

அவர் குடித்து வந்த இரவில் எதையும் பேசித் தீர்க்க முயல வேண்டாம். கை நீட்டுபவராக இருந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடித்தவருடைய கடனை அடைப்பது, வேலைக்கு வராததற்குத் தறி முதலாளியிடம் பொய் சொல்வது ஆகியவை உங்கள் கடமைகள் அல்ல.

கேள்வி: ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் நான். குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் எதிலும் சந்தோஷம் இல்லை. தூக்கம் சரியில்லை. சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கா விட்டேன் என்றுகூடத் தோன்றுகிறது.
(வாசகர், சோழவந்தான்)

பதில்: ஐயா, 'இதற்கா விட்டேன்' என்ற எண்ணத்தை வெளியே சொன்னது நல்லது; சொல்லாமல் வைத்திருப்பவர்களைத்தான் அது கடைக்கு அழைத்துப் போகிறது. பல ஆண்டுகளாக ஆல்கஹாலை வைத்தே மகிழ்ச்சியையும் உறக்கத்தையும் பெற்றுப் பழகிய மூளை, அது இல்லாமல் அவற்றை உண்டாக்கிக்கொள்ள மாதக் கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். சிலருக்கு இத்துடன் மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. எட்டு மாதமாகியும் இப்படி இருக்கிறது என்பதால் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாலை நேரத்தைப் பற்றி: குடி உங்களுக்குப் போதையை மட்டும் தரவில்லை, உட்கார ஓர் இடமும் பேச நான்கு பேரும் தந்தது. போதையை விட்டபோது அந்த நான்கு பேரும் போய்விட்டார்கள். அந்த இடத்தை வீட்டுக்குள் தொலைக்காட்சி முன்னால் நிரப்ப முடியாது. ஓட்டுநராக இருந்தவருக்குக் கால அட்டவணை புதிதில்லை. ஐந்து மணி முதல் எட்டு மணி வரைக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வைகைக் கரைப் பக்கம் நடை, பேரனின் வீட்டுப்பாடம், வெற்றிலைக் கொடிக்காலில் கொஞ்ச நேரம் உடன் நிற்பது என எதுவானாலும், அதில் வாரம் சில நாட்களாவது பிற மனிதர்கள் இருக்க வேண்டும். குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது; அதன் கூட்டங்கள் மதுரையிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இதற்கா விட்டேன்' என்ற உங்கள் வாக்கியத்தைத் தானும் ஒருகாலத்தில் சொன்னவர் ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். மனைவியால் தர முடியாத ஓர் ஆறுதல் அது. தூக்கத்துக்கு, பகல் உறக்கத்தையும் மாலைக்குப் பிந்தைய காப்பி, டீயையும் குறைத்து, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து பாருங்கள். மருந்துக் கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்குவது மட்டும் கூடவே கூடாது. ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: என் மகனுக்கு வயது 26. வேன் எடுத்து வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் அடைத்து வைத்துக் குணப்படுத்தும் 'சென்டர்' இருக்கிறதென்று சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
(வாசகி, மேலூர்)

பதில்: அப்படித் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் சேர்க்காதீர்கள் அம்மா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநலக் குறைபாடுகளுக்கும் பொருந்தும். சிகிச்சை மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒருவர் முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்து குடும்பத்தார் சேர்ப்பதானாலும், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகே, முதலில் 30 நாள் வரை சேர்க்க முடியும். சங்கிலியால் கட்டக் கூடாது. எந்த மையத்துக்குப் போனாலும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், மகனை எப்போது பார்க்கலாம், போனில் பேசலாமா, வெளியே வந்த பின் ஆறு மாதத்துக்கு என்ன தொடர் சிகிச்சை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் மூன்று மாதம் வைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பூட்டிய அறைக்குள் மேலூர்ப் பேருந்து நிலையமும் அவனுடைய நண்பர்களும் இல்லை; அவற்றைச் சமாளிக்கும் பழக்கம் வெளியே வந்துதான் வரும்.

கோரிப்பாளையம் அருகே பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகக் காட்டலாம், காலையிலேயே போய்விடுங்கள். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. மகன் வர மறுத்தால் முதல் முறை நீங்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வரலாம். அவன் என்ன குடிக்கிறான், எவ்வளவு, எத்தனை ஆண்டாக, வேறு போதை மாத்திரை உண்டா, வலிப்பு வந்ததா, முன்பு எங்கே சிகிச்சை எடுத்தான் என்ற விவரங்களைத் தாளில் எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளோடு எடுத்துச் செல்லுங்கள்.